கறுப்பு பிளேட்டில் ஒரு பொட்டு

ஆட்டுக்கொட்டகையின் கூரையிலிருந்து பிரித்தெடுத்த ஃபிளெக்ஸ் அது. அதைச் சுருட்டி, சணலால் கட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முனிலட்சுமி அச்சகத்துக்குள் வந்தபோது, அவளுக்கு முன்னால் ஆட்டுப் புழுக்கை வாசனை வந்தது. கணினி முன் உட்கார்ந்து ஒரு பிஸ்கட் பெட்டியின் லேபிளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்த சரிதா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

ஓசூர் பாகலூர் சாலையிலிருந்து பிரியும் சந்தில் இருந்தது அச்சகம். சாதாரண நாளில் கம்பெனிகளுக்கான லேபிளும் அட்டைப்பெட்டியும் ஓடும். முகூர்த்த மாதம் பிறந்தால் கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் அவற்றை ஓரம் தள்ளிவிடும். முதலாளி மாதேஸ்வரன் காதில் செல்போனை வைத்து, "ஆய்த்து சார், நாளெ கொட்தீனி," என்று, நாளைக்கே தந்துவிடுவதாக அத்திப்பள்ளிக்காரர் யாருக்கோ கன்னடத்தில் சத்தியம் செய்துகொண்டே, வந்தவளை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அவள் உட்காரவில்லை. ஃபிளெக்ஸைத் தரையில் விரித்து, சுருண்டு எழும்பிய முனையைக் காலால் மிதித்துக்கொண்டாள்.

"இது நீங்க அடிச்சதுதானுங்களே? கீழ உங்க பேரும் நம்பரும் போட்டிருக்குது பாருங்க."

பார்த்தார்கள். மேலே பிள்ளையார். அதன் கீழே காதணி விழா. 'செல்வன் ஹரீஷ்குமார்' என்ற பெரிய எழுத்தின் சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. நடுவில் பூ வேலைப்பாடு செய்த முட்டை வடிவச் சட்டம். சட்டத்துக்குள் பாசி படிந்த வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

"பேரு நிக்கிது, மூஞ்சி போயிடுச்சு," என்றாள் முனிலட்சுமி. "எம் பையன்தான். பத்திரிகையும் இங்கதான் அடிச்சோம். உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமில்லைங்களா? ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. அது போதும்."

"எந்த வருசம்மா இது?"

"ஆறாவது வருசம் நடக்குது."

"சரியாப் போச்சு. அதுக்குள்ள நான் மெஷின மாத்திட்டேன், ஆளுங்கள மாத்திட்டேன், கண்ணாடிய மாத்திட்டேன். ஏம்மா, இந்தக் காலத்துல காதுகுத்துக்குப் போறவன் சாப்புடறானோ இல்லியோ போட்டோ எடுக்கறான். உங்க போன்ல இல்லாததா எங்கிட்ட இருக்கப்போவுது? பையன் இப்ப ஸ்கூலுக்குப் போவான், இல்ல? நிக்க வெச்சுப் புதுசா ஒண்ணு எடு..."

"இல்லைங்க," என்றாள் முனிலட்சுமி.

அந்த ஒரு சொல்லிலேயே மாதேஸ்வரனுக்குப் புரிந்துவிட்டது. போனைப் பையில் போட்டார், மறுபடி எடுத்தார். "சரிதா, என்னன்னு பாரும்மா," என்று சொல்லிவிட்டு, ஓடாமல் நின்றிருந்த அச்சு இயந்திரத்தைப் போய்த் துடைக்க ஆரம்பித்தார்.

சரிதா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். முனிலட்சுமி அதன் நுனியில் உட்கார்ந்து, யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோலத் தணிந்த குரலில் சொன்னாள்.

காதுகுத்து முடிந்து வந்த ஆடியில் குழந்தைக்குக் காய்ச்சல். கெலமங்கலத்தில் ஊசி போட்டு, இறங்காமல் ஓசூருக்குத் தூக்கிவந்து, இங்கே பார்க்க முடியாது பெங்களூருக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லி வண்டி ஏற்றுவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. அதன்பிறகு அவள் சோறு தொடவில்லை. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். குழந்தை தவழ்ந்து வரும் வீடியோ முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. இறந்த பிள்ளையின் படத்தை வீட்டில் வைத்தால் அடுத்தது தங்காது என்று இரண்டு பக்கத்து உறவும் சொன்னது. அவள் அசந்து தூங்கிய ஒரு பகலில் புருஷன் கருப்பசாமி ஆல்பத்தையும் மீதமிருந்த பத்திரிகைகளையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினான். போனில் இருந்ததையெல்லாம் அழித்தான். சொந்தக்காரர் வீடு வீடாகப் போய் அவரவர் போனிலும் அழிக்கச் சொன்னான். அவளுடைய அண்ணன் வீட்டு ஆட்டுக்கொட்டகையின் மேல் கிடந்த ஃபிளெக்ஸ் மட்டும் அவன் கண்ணில் படவில்லை.

"அடுத்தது வரவும் இல்ல," என்றாள். "அவர வையலாம்னா வாய் வரல கண்ணு. என்ன உசுரோட வெச்சிக்கணும்னுதான் செஞ்சாரு. ஆனா இப்ப என்னன்னா, கண்ண மூடுனா கொலுசு போட்ட காலு தெரியுது, பால் குடிக்கறப்ப என் தாலியப் புடிச்சு இழுக்கற வெரலு தெரியுது. மூஞ்சி மட்டும் வர மாட்டேங்குது. நாளுக்கு நாள் தேயுது. பெத்தவளுக்கே மறந்துடுமா?"

சரிதா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கெலமங்கலம் பக்கம் தக்காளி போடும் குடும்பத்துப் பெண் அவள். பகலில் இங்கே வேலை, மாலையில் டிப்ளமோ வகுப்பு. எதையும் ஒருமுறை செய்து நிம்மதி அடையாத ஆள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பாள். பழைய கணினி ஒன்று மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. அவளுக்கு முன்னால் வேலை பார்த்த ஜெகதீஷ் வைத்துவிட்டுப் போனது. துணியை எடுத்து அதை உயிர்ப்பித்தாள்.

ஜெகதீஷ் ஊர் பெயரில்தான் ஃபைல் வைப்பான். கெலமங்கலம் என்று அடித்ததும் காதுகுத்து வந்துவிட்டது. முனிலட்சுமி ஸ்டூலோடு நகர்ந்து வந்தாள்.

"தெறந்தா வந்துடுமா?"

"இது போட்டோ மாதிரி தெறக்காதுக்கா. உள்ள எழுத்துதான் இருக்கும். இங்க புள்ளி வை, இங்கிருந்து அங்க வரைக்கும் கோடு இழு, இதுக்குள்ள மஞ்சள் ரொப்புன்னு, ஒருத்தர் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் கோலம் போடற மாதிரி. அதப் படிச்சு அதேபடி வரைஞ்சு காட்டறதுக்குன்னே ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. வியூவர்னு சொல்லுவோம். அது இந்த ஒரு கம்ப்யூட்டர்லதான் போட்டிருக்கு."

வியூவர் திறந்தது. வெள்ளைத் தாள் ஒன்று திரையில் நின்றது. பிறகு, உள்ளே யாரோ உட்கார்ந்து வரைவதுபோல, மேலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. தோரணம் வந்தது. பிள்ளையார் வந்தார். மாமன் மடியில் வைத்துக் காது குத்தும் நல்ல நேரம் வந்தது. தாய்மாமன் பெயர், பெரியப்பா பெயர், அன்புடன் அழைக்கும் எல்லார் பெயரும் வந்தன. முட்டை வடிவச் சட்டம் ஒரு சுற்று சுற்றி முடிந்தது. வரைவது நின்றுவிட்டது.

சட்டம் காலியாக இருந்தது.

"இனிமே வருமா?"

"மெதுவாத்தான் வரும்க்கா," என்றாள் சரிதா. அது இனி வராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. படத்தை ஃபைலுக்குள் சேர்க்காமல், 'இந்த இடத்துக்கு வந்ததும் அந்த ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொள்' என்று மட்டும் எழுதிவைத்திருந்தான் ஜெகதீஷ். அந்த ஃபோல்டர் எப்போதோ போய்விட்டது.

முனிலட்சுமி திரையைப் பார்த்தபடியே இருந்தாள். தரையில் கிடந்த ஃபிளெக்ஸிலும் அதே காலிச் சட்டம்.

அப்போதுதான் சரிதாவுக்கு ஞாபகம் வந்தது. இந்த மாதிரி ஃபைல்களின் முன்னால் ஒரு குட்டிப் படத்தை ஒட்டி அனுப்புவது வழக்கம். பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பது தெரிய மேலே லேபிள் ஒட்டுகிற மாதிரிதான். வியூவர் அதைக் காட்டாது. கேட்டால் பிரித்துக் கொடுக்கும். மெனுவில் தேடிப் பிடித்துக் கேட்டாள். கொடுத்தது.

தபால் தலை அளவில் ஒரு பத்திரிகை. அதன் நடுவில் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு முகம். குல்லா போட்ட குழந்தை, தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சிரித்தது.

முனிலட்சுமி அழவில்லை. எட்டி, திரையின்மேல் விரலை வைத்தாள்.

"வந்துட்டான்," என்றாள். "அவந்தான். அவந்தான் கண்ணு. அந்தச் சிரிப்பப் பாரேன்."

சரிதாவுக்குத்தான் கண்ணில் நீர் முட்டியது. பெரிதாக்கிப் பார்த்தாள். முகம் உடைந்து கட்டம் கட்டமாகப் போனது. பழைய அளவுக்கே கொண்டுவந்தாள்.

"பொட்டு எங்க?" என்றாள் முனிலட்சுமி திடீரென்று. "கன்னத்துல பெருசா திருஷ்டிப் பொட்டு வெச்சிருந்தமே. எடது கன்னம். இதுல காணமே?"

வேறொரு நாளாக இருந்தால் சரிதா யோசித்திருப்பாள். எதற்கும் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று நினைத்திருப்பாள். அன்றைக்கு அவளுக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை.

"இவ்ளோ சின்னப் படத்துல பொட்டெல்லாம் நிக்காதுக்கா. கரைஞ்சு போயிருக்கும். அதான்."

"அப்படியா?" முனிலட்சுமி இன்னும் கிட்டே குனிந்து பார்த்தாள். "ஆமா. அப்படித்தான் இருக்கும்."

நல்ல தாளில் அச்சடித்து, ஓரம் வெட்டிக் கொடுத்தாள். நகத்தளவு படம். முனிலட்சுமி அதைப் போன் உறைக்கும் போனுக்கும் நடுவில் செருகிக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, சரிதாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். மாலை வகுப்பில் சரிதா ஒரு வரிகூட எழுதவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரியாவிடம் இந்தக் கதையையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து, காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு காதுகுத்து வேலை வந்த அன்று காலையில்தான் அது தெரிந்தது.

"பார்ட்டி போட்டோவ வாட்ஸப்ல அனுப்பறேன்னிருக்கான்," என்றார் மாதேஸ்வரன். "அது வர்ற வரைக்கும் சாம்பிள் கொழந்தையப் போட்டு டிசைன் காட்டிடு. ஜெகதீஷ் கம்ப்யூட்டர்லயே இருக்கும். அவன் எல்லாத்துக்கும் அதத்தான் போடுவான்."

சாம்பிள் என்ற ஃபோல்டரில் குத்துவிளக்கு இருந்தது, யானை ஜோடி இருந்தது, வாழைமரம் இருந்தது. கடைசியில் ஒரு குழந்தை. குல்லா போட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, திரை முழுக்கச் சிரித்தது. கன்னத்தில் பொட்டு இல்லை. எங்கோ வெளிநாட்டில் யாரோ விற்பதற்கென்று எடுத்த படம்.

சரிதா பழைய குட்டிப் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். குல்லாவின் மடிப்பு உட்பட எல்லாம் அதேதான்.

பெங்களூரில் இருந்த ஜெகதீஷுக்குப் போன் போட்டாள்.

"அதுவா? நம்ம ஸ்டார் ஆச்சே," என்று சிரித்தான் அவன். "அந்தக் கொழந்தைக்கு நான் எத்தன ஊர்ல காது குத்தியிருக்கேன் தெரியுமா?"

"அண்ணா, வெளையாடாதீங்க. அப்ப நெஜமான போட்டோ?"

"அது கடைசில போடறது. பார்ட்டி போட்டோ வந்ததும் அதே பேர்ல வெச்சு மாத்திட்டு, பிளேட்டுக்கு அனுப்பிடுவேன். முன்னாடி ஒட்டுன குட்டிப் படத்த யாரு மாத்திக்கிட்டு இருப்பா? அத ஒருத்தரும் அச்சடிக்க மாட்டாங்களே." கொஞ்சம் நிறுத்தி, "யாராச்சும் அடிச்சுட்டாங்களா?" என்றான்.

அவள் திரையிலிருந்த குட்டிப் படத்தை மூடினாள்.

"சரிதா? இங்க கேளு. பிளேட்டுக்குப் போன ஃபைல் தனி. அதுல நெஜமான படம் உள்ளயே இருக்கும், வெளிய தேடாது. பிளேட் மெஷினோட சேர்ந்த டிஸ்க்குல பாரு. ஆனா அது கலர்ல இருக்காது. ஒவ்வொரு மைக்கும் ஒரு பிளேட், அதனால ஒவ்வொரு பக்கமாப் பிரிச்சுதான் இருக்கும்."

இருந்தது. பழைய கணினிக்குக் கொண்டுவந்து திறந்தாள். வியூவர் அதைப் பக்கம் பக்கமாக, சாம்பல் நிறத்தில் வரைந்தது. நீல மைக்கு ஒரு பக்கம், சிவப்புக்கு ஒரு பக்கம், மஞ்சளுக்கு, கறுப்புக்கு. சட்டத்துக்குள் இருந்தவன் வேறு குழந்தை. இரண்டு காதும் பக்கவாட்டில் விரிந்திருந்தன. சப்பை மூக்கு. வாய் பாதி திறந்து, கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கிற யாரையோ சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கவே இல்லை. இடது கன்னத்தில் பெரிய பொட்டு.

சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். என்ன சொல்வது என்பதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். மன்னிச்சுக்கங்கக்கா, தப்பு நடந்துபோச்சு, நெஜமான படம் கிடைச்சிருக்கு, வாங்க. இவ்வளவுதான். போனை எடுத்த முனிலட்சுமி அவளைப் பேசவே விடவில்லை.

"நீயா கண்ணு! நானே கூப்புடணும்னு இருந்தேன். நல்லா இருக்கியா? நான் இப்ப நல்லாத் தூங்கறேன் தெரியுமா? வேலைக்குப் போறதுக்கு முந்தி அவங்கிட்ட சொல்லிட்டுத்தான் போறேன். மறந்தே போயிட்டனோன்னு அப்படி ஒரு பயம் எனக்கு இருந்துச்சு. என்ன பொம்பள நீ, பெத்த புள்ள மூஞ்சி தெரியலன்னு என்னையே நான் காறித் துப்பிக்குவேன். அன்னிக்கு உங்க கம்ப்யூட்டர்ல பாத்த ஒடனே தெரிஞ்சுதே! எங்க மறந்தேன்? ஒண்ணும் மறக்கல. உள்ளயேதான் இருந்திருக்கான்." மூச்சு வாங்கினாள். "அந்தப் பொட்டு மட்டும் தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லாருக்கும். பரவால்ல வுடு. நீ என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லக்கா," என்றாள் சரிதா. "சும்மாத்தான்."

அதற்குப் பிறகு பலமுறை போனை எடுத்தாள், வைத்தாள். சொன்னால் போவது அந்த நகத்தளவு தாள் மட்டுமில்லை. பார்த்த உடனே தெரிந்தது என்று சொன்னாளே, அதுவும் சேர்ந்து போய்விடும். சொல்லாவிட்டால் யாரோ ஒரு குழந்தையிடம் அவள் தினமும் பேசிக்கொண்டிருப்பாள். எதைச் செய்தாலும் தவறாகத்தான் பட்டது. முதல் நாளே அந்தப் பொட்டைப் பற்றி அவள் கேட்டாளே, அப்போது நான் ஏன் அவ்வளவு நிச்சயமாகப் பேசினேன் என்பதைத்தான் சரிதாவால் தாங்க முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து, முதல் ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்குக் கருப்பசாமி வந்தான். சிப்காட்டில் வார்ப்படக் கம்பெனி ஒன்றில் வேலை. சாத்தூர்ப் பக்கத்துக்காரன், இங்கே வேலைக்கு வந்த இடத்தில் முனிலட்சுமியைக் கட்டிக்கொண்டவன். சீருடையில் கரி படிந்திருந்தது. பேரைச் சொன்னதும் சரிதா எழுந்து நின்றுவிட்டாள். அவன் சட்டைப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இத யாரும்மா அடிச்சுக் குடுத்தது?"

"நாந்தாண்ணா."

"இது எங்க பய இல்ல."

சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். அவன் குரலில் கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சரிதாவுக்குத் தோன்றியது. நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஃபைலைத் திறக்கிற வியூவர், சாம்பிள் குழந்தை, முன்னால் ஒட்டுகிற குட்டிப் படம், பொட்டு கரைந்திருக்கும் என்று தான் சொன்னது. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"தப்பு பண்ணிட்டேண்ணா. அக்காகிட்ட நானே வந்து..."

"சொல்லிராதம்மா," என்றான். "அதுக்குத்தான் வந்தேன். அவ இப்பத்தான் ரெண்டு வாய் உருப்படியாச் சாப்புடுறா. எங்கிட்ட சண்டை போடுறா. சண்டையே போடாம இருந்தவ."

"உங்களுக்கு எப்படிண்ணா உடனே தெரிஞ்சுது?"

அவன் கரி படிந்த உள்ளங்கையைத் தேய்த்தான்.

"எனக்கு மறக்கலம்மா. ஆல்பத்த மொத்தமா தூக்கித் தீயில போட மனசு வரல. ஒவ்வொண்ணா உருவி, பாத்துப் பாத்துத்தான் போட்டேன். அவ முழிக்கிறதுக்குள்ள முடிக்கணும், ஆனாலும் பாத்துட்டுத்தான் போட்டேன். அப்பப் பாத்தது அப்படியே நிக்கிது."

அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் சரிதா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அண்ணா, நெஜமான படம் இங்க இருக்கு. இந்தக் கம்ப்யூட்டர்ல."

அவன் தலையைத் திருப்பி மூலையிலிருந்த கணினியைப் பார்த்தான். பிறகு வாசலைப் பார்த்தான். எழுந்து போய்விடுவான் என்றுதான் நினைத்தாள். அவன் எழுந்து, கழுவும் தொட்டியில் கையைக் கழுவி, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"காட்டு."

வியூவர் வரையத் தொடங்கியது. மஞ்சள் பக்கத்தில் அநேகமாக ஒன்றுமில்லை, ஒரு மங்கல். நீலப் பக்கத்தில் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் ஒரு தலையின் வடிவம். சிவப்புப் பக்கத்தில் முகம் முழுதாக வந்தது. காது, மூக்கு, திறந்த வாய். கருப்பசாமி முன்னால் சாய்ந்தான். கடைசிப் பக்கத்தில், கறுப்பு மையில், கன்னமும் நெற்றியும் வெறும் வெள்ளையாகக் கிடந்தன. முடி இருந்தது. இரண்டு கண்ணும் இருந்தன. பொட்டு இருந்தது.

"சிரிக்கவே மாட்டான் பயபுள்ள," என்றான். "போட்டோக்காரரு கிலுகிலுப்பைய ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுனாரு. என்னையவே மொறைச்சுப் பாத்துட்டு இருந்தான். இந்தா, இந்தப் பக்கம் நிக்கிறது நான்." திரைக்கு வெளியே, மேசையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினான். "அந்தப் பொட்டு நான் வெச்சது. அவ சின்னதா வெச்சிருந்தா. இது எந்தக் கண்ணுக்குப் பத்தும்னு நான் கட்டை வெரல்ல மைய எடுத்து அப்புனேன். ஸ்டூடியோவே சிரிச்சுது."

"நாலு பக்கத்தையும் ஒண்ணாச் சேத்தா கலர் வந்துடும்ணா. இப்பவே பண்ணிடலாம். கொஞ்ச நேரம் இருங்க."

"வேணாம்மா."

"அக்காவுக்கு இல்ல, உங்களுக்கு."

"வேணாம். கலர்ல பாத்தா எடுத்துட்டுப் போயிருவேன்."

கறுப்புப் பக்கத்தைப் பார்த்தபடியே இருந்தான். ஒருமுறை மூக்கை உறிஞ்சினான். பிறகு, கடைக்கு வந்த வேலை ஞாபகம் வந்தவன்போல, மேசைமேல் கிடந்த நகத்தளவு படத்தைத் தள்ளினான்.

"இதப் பெருசு பண்ணி, கண்ணாடி போட்டு மாட்டணுமாம். அத வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கா. பண்ண முடியுமா?"

சரிதா அதைக் கையில் எடுத்தாள். "முடியும்ணா. சாம்பிள் படம் பெருசாவே இருக்கு. நல்லா வரும்."

"அதுல ஒரு பொட்டு வெக்க முடியுமா? பொட்டு பொட்டுன்னு அதையேதான் சொல்லிட்டு இருக்கா."

அவள் தலையை ஆட்டினாள். சாம்பிள் குழந்தையைத் திறந்து, வட்டமாக ஒரு புள்ளி வைக்கப் போனவள், நிறுத்திக்கொண்டாள். வியூவரிலிருந்து கறுப்புப் பக்கத்தைப் படமாக எடுத்தாள். அதிலிருந்து பொட்டை மட்டும், ஓரத்தில் கட்டை விரல் வழுக்கியிருந்த இழுப்போடு, வெட்டி எடுத்தாள். குல்லா போட்டுச் சிரித்துக்கொண்டிருந்த குழந்தையின் இடது கன்னத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

மை டப்பாவோடு அந்தப் பக்கம் வந்த மாதேஸ்வரன் திரையைப் பார்த்து, "என்ன சரிதா, நம்ம சாம்பிளுக்குப் போயி..." என்று ஆரம்பித்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவனின் முகத்தைப் பார்த்தார். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, ஃபிரேம் போடுகிறவருக்குத் தானே போன் பேச வெளியே போனார்.

"இங்கயாண்ணா?"

"கொஞ்சம் கீழ. காதுப் பக்கமா நகத்து." அவன் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான். "இன்னும் கொஞ்சம். அங்கதான். அங்கயேதான் இருந்துச்சு."

அச்சடித்து, கண்ணாடி போட்டு வர அந்தி சாய்ந்துவிட்டது. வகுப்புக்குப் போகாமல் சரிதா உட்கார்ந்திருந்தாள். படம் பளிச்சென்று வந்திருந்தது. கருப்பசாமி அந்த முகத்தைப் பார்க்கவில்லை. பொட்டின்மேல், கண்ணாடியில், ஒருமுறை விரலை வைத்து எடுத்தான். செய்தித்தாளில் சுற்றச் சொன்னான்.

"கெலமங்கலத்துப் பக்கம் வேற யாருக்காச்சும் இந்தக் கொழந்தையப் போட்டு அடிப்பீகளா?"

"இல்லண்ணா. இனி யாருக்கும் போட மாட்டேன். ஃபோல்டர்லருந்தே எடுத்துட்டேன்."

வாசலில் நின்றான். மூலையிலிருந்த கணினித் திரையில் கறுப்புப் பக்கம் இன்னும் திறந்திருந்தது, கண்ணும் பொட்டுமாக.

"அத என்ன பண்ணட்டும்ணா? அழிச்சிடட்டுமா?"

"இருக்கட்டும்," என்றான் உடனே. பிறகு, "இந்த மெஷின மாத்திருவீகளா?"

"மாத்தினா அந்த ஃபைல நான் எடுத்து வெச்சுக்கறேன்."

"தெறக்கறதுக்கு இன்னொண்ணு வேணும்னியே."

"அந்த வியூவரையும் வெச்சுக்கறேன்."

"போன்ல தெறக்காதுல்ல?"

"தெறக்காதுண்ணா. இந்த ஒரு கம்ப்யூட்டர்லதான்."

"அப்பச் சரி," என்றான். சுற்றிய படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு கெலமங்கலம் பஸ் நிற்கிற பக்கம் நடந்தான். சரிதா பக்கத்தை மூடினாள். கணினியை அணைத்து, துணியைப் போர்த்தினாள். கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போனவள், திரும்பி வந்து, பூட்டைத் திறந்து உள்ளே போய், அந்த ஃபைல் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்தாள்.